யானைப் புதிர்: துண்டு மேலே வருகிறது, கீழே போக மறுக்கிறது

பட்டறைத்தாத்தா:
வணக்கம். ஓய்வு பெற்றபின் ஒரு சின்ன ஸ்க்ரோல் சா வாங்கினேன், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி வளைவாக அறுக்கும் மெஷின். பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு இரண்டு முடிந்திருக்கிறது. லீவுக்கு வருவதற்குள் துண்டுகளைப் பொருத்தி நிற்க வைத்து விளையாடுகிற யானைப் புதிர் ஒன்று செய்துவிட ஆசை. 18 மில்லி கனமுள்ள தேக்கில் படத்தை ஒட்டி, 2-ஆம் நம்பர் பிளேடு போட்டு ஆறு துண்டாக அறுத்தேன்.

பலகையைப் படுக்க வைத்துத் தும்பிக்கைத் துண்டை மேலே தூக்கினால் வழுக்கிக்கொண்டு வருகிறது. கீழ்ப்பக்கம் தள்ளினால் பாதியில் நின்றுவிடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இப்போது பொருத்தினால் லொடலொடவென்று ஆடுகிறது, ஆனாலும் கீழே போகமாட்டேன் என்கிறது! போதாததற்கு, பிளேடு கோட்டில் நிற்காமல் எப்போதும் வலப்பக்கமே இழுக்கிறது. வளைவுகளில் மரம் கரிகிறது. கோளாறு மெஷினிலா, என் கையிலா?

கரூர்க்காரன்:
மரத்தில் ஈரம் இருக்கும் ஐயா. மழை நாளில் உப்பியிருக்கலாம். ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டுப் பாருங்கள்.

பட்டறைத்தாத்தா:
இல்லை தம்பி, பழைய கதவுச் சட்டத்தில் எடுத்த மரம். என் கல்யாணத்துக்கு முன்பே காய்ந்துவிட்டது.

மரத்தூள்:
ஈரம் இல்லை ஐயா. மரம் உப்பியிருந்தால் இரண்டு பக்கமும் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மரத்தை வைத்து அறுக்கும் மெஷின் மேசை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிளேடு மேசைக்குச் செங்குத்தாக இல்லை. அதனால் துண்டு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வந்திருக்கிறது, பாட்டிலில் செருகிய தக்கை மாதிரி. இதை உப்புத்தாள் சரி செய்யாது.

மேசைக்கு அடியில் இருக்கும் டிகிரி ஸ்கேலை நம்பாதீர்கள். முக்கால்வாசி மெஷின்களில் அது சும்மா ஒரு ஸ்டிக்கர்தான். சின்ன மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. 40 மில்லி கனமுள்ள கழிவுக்கட்டை ஒன்றில் இரண்டு மில்லி ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு, கட்டையைக் கவிழ்க்காமல் அப்படியே சுற்றி பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோய், அதே வெட்டுக்குள் பிளேடு உட்காருகிறதா என்று பாருங்கள். சாய்வு இருந்தால் அது இரண்டு மடங்காகத் தெரியும், கண்ணுக்குத் தப்பாது.

வலப்பக்கம் இழுப்பது உங்கள் கைக்கோளாறு இல்லை. பிளேடைத் தகட்டிலிருந்து அடித்து எடுக்கும்போது ஒரு விளிம்பில் பிசிர் நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். மரத்தை நேராகத் தள்ளாமல் கொஞ்சம் கோணலாகப் பிடித்துத் தள்ளப் பழகிக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் கை தானாகப் போகும்.

அப்புறம், 18 மில்லி தேக்குக்கு 2-ஆம் நம்பர் ரொம்ப மெல்லிசு. 5-ஆம் நம்பர் போடுங்கள். முறுக்கிய பிறகு தந்தியைச் சுண்டுவது போல விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்றால் தொய்வு. தொய்ந்த பிளேடை வளைவில் அழுத்தித் தள்ளினால் நடுவில் வயிறு தள்ளி வெட்டும். அப்போது துண்டு எந்தப் பக்கமும் வராது. சாய்வையும் தொய்வையும் பிரித்துப் பார்க்க இது ஒரு வழி.

செவந்தி:
கரிவதற்கு ஒரு சமாச்சாரம். பார்சல் ஒட்டும் பிரவுன் டேப்பை மரத்தின்மேல் ஒட்டி, அதன்மேல் படத்தை ஒட்டுங்கள். பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், கரி பாதிக்கு மேல் குறையும். கடைசியில் டேப்பைப் பிடித்து இழுத்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும், சுரண்டுகிற வேலை மிச்சம்.

இரண்டு வயதுப் பையன் என்றதால் கேட்கிறேன், ஆறு துண்டில் எது சின்னது?

பட்டறைத்தாத்தா:
மரத்தூள் ஐயா சொன்ன கட்டைச் சோதனை செய்தேன். பிளேடு வெட்டுக்குள் உட்காரவே இல்லை, நன்றாகக் கோணிக்கொண்டு நின்றது. ஸ்கேல் பூஜ்யம் காட்டுகிறது! மூலைமட்டம் வைத்து மேசையை நேராக்கி, திருகை இறுக்கி, ஸ்கேலில் மார்க்கர் பேனாவால் புதிதாகக் கோடு போட்டுவிட்டேன். 5-ஆம் நம்பர், பிரவுன் டேப், கொஞ்சம் நிதானம். புது யானையின் தும்பிக்கை இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு வருகிறது. பழைய யானையை என் மனைவி ஜன்னலில் வைத்துவிட்டாள், அது அங்கேயே இருக்கட்டும்.

செவந்தி அம்மா, சின்னது வால்தான். கட்டைவிரல் அளவு இருக்கும்.

செவந்தி:
அதைத் தனியாக அறுக்காதீர்கள், பின்னங்காலோடு சேர்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லி விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கினால் தொண்டையில் சிக்கும் என்று கணக்கு. கட்டைவிரல் அளவு வால் அடங்கிவிடும்.

பட்டறைத்தாத்தா:
நல்லவேளை கேட்டீர்கள். இன்றைக்கே மூன்றாவது யானை. வாலும் காலும் ஒரே துண்டு, மொத்தம் ஐந்து. மேலே எண்ணெய் மெழுகு பூசலாமா, அரக்கு பாலிஷா? பையன் எதையும் முதலில் வாயில்தான் வைப்பான்.

மரத்தூள்:
ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கே போதும் ஐயா, நன்றாகக் காய்ந்தபின் கொடுங்கள். எச்சில் பட்டு வெளுத்தால் இன்னொரு கை பூசிக்கொள்ளலாம். சாயம் மட்டும் வேண்டாம், தேக்கு நிறமே யானைக்குப் போதும்.