புதுப்பிப்பு: வேன் கண்ணாடியைக் கழற்றவில்லை, மூடிவிட்டோம்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு ஓட்டிப்போய் உள்ளேயே தூங்கும் எங்கள் வேனில், பின்பக்கக் கண்ணாடிகளைக் கழற்றித் தகடு அடிப்பதா, மூடுவதா என்று கேட்டிருந்தேன். மூடுவது என்று முடிவாகிவிட்டது.

தகடு அடித்தால் வெயிலும் திருட்டுப் பயமும் குறையும், சரிதான். ஆனால் உடற்கட்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒட்டிய விளிம்பில் நீர் கசிந்தால் துரு பிடிக்கும். தடம் மாறும்போது பக்கவாட்டில் எட்டிப் பார்க்கவும் முடியாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொன்னவர்களுக்கு: பின்பக்கக் கண்ணாடியில் குறைந்தது 25% வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது இங்கே விதி. இரவில் உள்ளே விளக்குப் போட்டால் எல்லாம் தெரியும்.

தமிழ் முரசுத் தாளைக் கண்ணாடிமேல் வைத்து விளிம்பை விரலால் நீவி, அந்த அச்சில் வெள்ளிப் பூச்சு ஃபோமை வெட்டினோம். உள்பக்கம் கறுப்புத் துணி, ஓரத்தில் தைத்த காந்தங்கள்; வேண்டும்போது மாட்டிக் கழற்றலாம். கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், பகலில் நிறுத்தும்போது வெயில் படும் பக்கத்துக்கு வெளியே மாட்டும் உறையும் உண்டு. அப்புறம், தூங்கும்போது காற்றுக்காக ஒரு சன்னலில் கொசுவலை மட்டும்தான்.

அச்சுத் தாள் இன்னும் இருக்கிறது. அதே மாதிரி வேன் வைத்திருப்பவர்கள் கேளுங்கள், தருகிறேன்.