லில்லி பூக்க மாட்டேன் என்கிறது, டிராகன் சண்டைக்கு யோசனை தேவை

வணக்கம். இங்கிலாந்தில் தோட்டம் போடுபவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது ஹார்ஷம் பக்கம். இங்குள்ள செயின்ட் லெனார்ட்ஸ் காட்டில் புனித லெனார்ட் ஒரு டிராகனோடு மல்லுக்கட்டினாராம். அவர் ரத்தம் சிந்திய இடமெல்லாம் லில்லி ஆஃப் த வேலி (மணி மாதிரி வெள்ளைப் பூ பூக்கும் செடி) முளைத்ததாம். 1614-இல் அதே காட்டில் ஒரு ராட்சதப் பாம்பு திரிவதாக லண்டனில் துண்டுப் பிரசுரமே அச்சடித்திருக்கிறார்கள். வதந்திக்கு வாட்ஸ்அப் எதற்கு!

கதை கேட்டதிலிருந்து மகளுக்கு அந்தப் பூ வேண்டும். வடக்குச் சுவரோரம் நிழலில் வேர்க்கிழங்கு வைத்தேன். இலை தளதளவென்று இருக்கிறது, மே பிறந்தும் ஒரு வெள்ளை மணிகூடக் காணோம். நிழல் அதிகமா? நெருக்கமாகிவிட்டதா? பிரித்து நட இலையுதிர் காலம் வரை பொறுக்க வேண்டுமா?

அப்புறம், இந்தச் செடி முழுக்க விஷம், இதயத்தைப் பாதிக்கும். சிவப்புப் பழம் வேறு வரும். அதனால் மகளின் டிராகன் சண்டை விளையாட்டை ஸ்னாப்டிராகன் பூப் பாத்தியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பூவின் இரு பக்கமும் அழுத்தினால் வாய் பிளக்கும், உடனே மரக்கரண்டியால் ஒரு வெட்டு! ஆனால் எங்கள் பாத்தியில் அது பூக்க ஜூன் ஆகிவிடும். ஏப்ரலிலேயே பூக்கிற, பிள்ளைகள் கைக்கு ஆபத்தில்லாத 'டிராகன்' ஏதாவது தெரியுமா?