கால்குலஸா, ஸ்டாடிஸ்டிக்ஸா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோரிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

மகள் பத்தாம் வகுப்பு, இப்போது அல்ஜீப்ரா 2 படிக்கிறாள். அடுத்த வருடம் ப்ரீகால்குலஸ், அதில் குழப்பமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில்தான் சிக்கல். ஏபி (AP, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) வகையில் ஏபி கால்குலஸ் ஏபி (AB), ஏபி கால்குலஸ் பிசி (BC), ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ் என மூன்று வழிகள். (கால்குலஸுக்கு முன்னால் வரும் ஏபி வேறு, பின்னால் வரும் ஏபி வேறு என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது!)

அவளுக்கு உயிரியலில்தான் ஆசை. ஆராய்ச்சிக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் உதவும் என்கிறாள். சரிதான். ஆனால் கால்குலஸ் எடுக்காமல் விட்டால், கஷ்டமானதைத் தவிர்த்துவிட்டாள் என்று கல்லூரிகள் நினைக்குமோ என்பது என் பயம். பிசி என்றால் கல்லூரியின் இரண்டு செமஸ்டர் பாடம் ஒரே வருடத்தில். கட்டுரைகள், விண்ணப்பங்கள் எழுதும் அதே சமயத்தில். தேர்வோ மே மாதம், அதற்குள் பெரும்பாலான கல்லூரிகளின் முடிவு வந்துவிடும். ஆக, அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு உதவாது, பாடத்தின் பெயர்தான் விண்ணப்பத்தில் நிற்கும்.

பள்ளி ஆலோசகரைக் கேட்டால் "அவளுக்குப் பிடித்ததை எடுக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

உயிரியல் பக்கம் போன பிள்ளைகள் எதை எடுத்தார்கள்? கால்குலஸ் ஏபியும் ஸ்டாடிஸ்டிக்ஸும் சேர்த்து எடுத்தவர்கள் உண்டா, சமாளிக்க முடிந்ததா? அப்புறம், கோடை விடுமுறையில் ப்ரீகால்குலஸை முடித்துவிட்டு ஒரு வருடம் முந்துவதை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், அதற்கு அவள் ஏற்கெனவே மறுத்துவிட்டாள்.