ஹோவர் டேங்க்: பெயிண்டும் ஷேடிங்கும்

தினேஷ்: 📷 படம்
தினேஷ்: முரளி அண்ணா, ஹோவர் டேங்க் (காத்துல மிதக்கிற டேங்க்) மாடலை ஒட்டியாச்சு. 1/72 ஸ்கேல். சாம்பல் ப்ரைமரும் (அடிப்பூச்சு) காஞ்சிடுச்சு. நேரா மேல் கலர் அடிச்சிடலாமா?

முரளி அண்ணா: இருப்பா. படத்துல எஞ்சின் மூடிக்குக் கீழ ஒட்டின கோடு தெரியுது பாரு. 400 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, 800ல முடிச்சு, அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப ப்ரைமர் அடி. இப்ப விட்டா வாஷ் (கோட்டுக்குள்ள ஓட விடற நீர்த்த அடர் பெயிண்ட்) போடும்போது அந்தக் கோடு கறுப்பா எழும்பி நிக்கும்.

தினேஷ்: சரிண்ணா.

கவிதா அக்கா: ஒரே கலரை நிரப்பிடாத தினேஷ். பத்து மீட்டர் வண்டி இந்த ஸ்கேல்ல 14 செ.மீ. கூட வராது. அவ்வளவு சின்னதுல நிழல் தானா ஆழமா விழாது, நாமதான் வரையணும்.
கவிதா அக்கா: முதல்ல அடர் பழுப்பு. பேனல் (தகடு) கோடு, மடிப்பு, கீழ்ப்பக்கம் முழுக்க. அப்புறம் மேல் கலரை ஒவ்வொரு பேனலுக்கும் நடுவுலேருந்து ஓரத்துக்குக் கொண்டு வா. பழுப்பு லேசா தெரியும்போதே நிறுத்திடு. இன்னொரு கோட் ஆசைப்பட்டா எல்லாம் மறைஞ்சிடும்.

தினேஷ்: அழுத்தம் எவ்வளவுக்கா? ஏர்பிரஷ்ல 0.3 மி.மீ. ஊசி.

கவிதா அக்கா: 15 பிஎஸ்ஐ சுத்து, 5 செ.மீ. தள்ளி. பெயிண்ட் பால் பதத்துல இருக்கணும். கப் ஓரத்துல ஏத்திவிட்டா மெல்லிசா படலம் விட்டு இறங்கணும். சிலந்திக் கால் மாதிரி ஓடினா தண்ணியா இருக்கு, இல்ல காத்து அதிகம். சொரசொரன்னு வந்தா தூரம் அதிகம், பெயிண்ட் வழியிலேயே காஞ்சு விழுது.

முரளி அண்ணா: வெளிச்சம் படுற மேல்தளத்துக்குக் கலரை வெளுக்கணும்ல, அதுக்கு வெள்ளை மட்டும் கலக்காத. பச்சைல கலந்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும், சிவப்புல ரோஸ் ஆயிடும். பச்சைக்கு மணல் நிறம், சிவப்புக்கு ஆரஞ்சு.

தினேஷ்: அடுத்து எனாமல் வாஷ்தானே?

முரளி அண்ணா: அதுக்கு முன்னாடி கிளாஸ் கோட் (பளபளப்பான பூச்சு)! ஒரு நாள் முழுசா காயட்டும். மேட் (பளபளப்பில்லாத) பரப்புல வாஷ் கறையாப் பரவும். கிளாஸ்ல பேனல் கோட்டுக்குள்ள தானா ஓடும். டீக்காலும் (ஒட்டற படம்) கிளாஸ் மேலதான், இல்லேன்னா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும்.
முரளி அண்ணா: பெயிண்ட் படாத பிளாஸ்டிக்ல வாஷை ஊத்தாத. இறுக்கமா சொருகின மூட்டுக்குள்ள தின்னர் இறங்கினா பிளாஸ்டிக் விரிசல் விடும். ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக்னா ரொம்ப சீக்கிரம். பெயிண்ட் வகைகளை அடியிலேருந்து லாக்கர், அக்ரிலிக், எனாமல்ங்கிற வரிசைல அடிக்கறதுதான் பத்திரம். எனாமல் மேல லாக்கர் அடிச்சா அடிப் பூச்சையே தின்னுடும்.

கவிதா அக்கா: வாஷ் அரை மணி காயட்டும். காது பட்ஸை எனாமல் தின்னர்ல நனைச்சு, டிஷ்யூல ஒத்தி, மேலிருந்து கீழா ஒரே திசைல துடை. ஈரம் அதிகமா இருந்தா கோட்டுக்குள்ள இருக்கிறதையும் இழுத்துட்டு வந்துடும்.

பெரியம்மா: தினேஷ், வாசனை ஹால் வரைக்கும் வருது. முகத்துல ஏதாவது போட்டிருக்கியா?

தினேஷ்: தூசி மாஸ்க் இருக்கு பெரியம்மா.

முரளி அண்ணா: அது தின்னர் ஆவியத் தடுக்காதுடா. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டின ரெஸ்பிரேட்டர் வேணும். அது வர்ற வரைக்கும் ஏர்பிரஷைத் தொடாத. பெரியம்மா சொல்றது சரி.

தினேஷ்: சரிண்ணா. அழுக்கு எங்கெங்க போடணும்?

கவிதா அக்கா: இது தரையத் தொடாத வண்டி, சக்கரச் சேறெல்லாம் வேணாம். கீழேருந்து காத்து அடிக்குதுல்ல, வண்டிக்கு அடில சுத்தி இருக்கிற பாவாடைத் தகட்டு ஓரத்துல தூசி மேல்நோக்கி மெலிஞ்சுட்டே போகணும். பிக்மென்ட் பொடியைக் காஞ்ச பிரஷ்ல தட்டு. பெயிண்ட் பெயர்ந்த புள்ளிகள் கைப்பிடி, ஏணி, மூடி ஓரத்துல மட்டும். ஆள் கால் வைக்காத இடத்துல பெயர்ந்திருந்தா கண்ணு நம்பாது.

முரளி அண்ணா: த்ரஸ்டர் (வண்டியைத் தள்ற எஞ்சின்) வாய்க்கு வெப்பக் கறை போடு. சூடு அதிகமான விளிம்புல நீலம், அடுத்து ஊதா, பழுப்பு, கடைசில வைக்கோல் மஞ்சள். பல பேர் தலைகீழாப் போட்டுடறாங்க. கிளியர் (அடி தெரியற) பெயிண்ட்டை நல்லா நீர்த்து, ஒவ்வொண்ணும் ஒரு விரற்கடைக்கும் குறைவா.

தினேஷ்: கடைசி மேட் கோட் இன்னிக்கே அடிக்கலாமா? மழை பெய்யுது.

கவிதா அக்கா: வேண்டவே வேண்டாம். ஈரக் காத்துல பால் மாதிரி வெளுத்துடும். அப்படி ஆயிட்டா மேல கிளாஸ் கோட் அடிச்சுப் பாரு, பெரும்பாலும் தெளிஞ்சிடும். காக்பிட் கண்ணாடியை மறைக்க ஒட்டின மாஸ்க்கை மேட் கோட் காஞ்ச பிறகுதான் உரிக்கணும், ஓரத்தை பிளேடால லேசா கீறிட்டு.

தினேஷ்: சரிக்கா. முதல்ல அந்த ஒட்டுக் கோட்டைத் தேச்சுட்டு படம் போடறேன்.