மாட வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு

மயிலாப்பூரில் வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 2014 முதல் ஒரு பழைய வீட்டின் முன்கட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பழைய ஊர்ப் பகுதிகளில் வீடு தேடுகிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால், கண்டதையும் பட்டதையும் எழுதுகிறேன்.

வீடு தேடிய நாட்களில் வாடகை எவ்வளவு என்ற பேச்சுக்கு முன்பே தரகர் கேட்ட கேள்வி, "நீங்க சைவமா?" என்பதுதான். எங்கள் வீட்டுச் சமையல் அவர்கள் எதிர்பார்த்தபடி இருந்ததால் எங்களுக்குக் கதவு திறந்தது. அதே வாரத்தில் அதே சந்தில் வீடு பார்க்க வந்த என் அலுவலகத் தோழிக்குத் திறக்கவில்லை. உணவைக் கேட்கும் சாக்கில் சாதியையும் மதத்தையும் அறிந்துகொள்வதுதான் அந்தக் கேள்வியின் நோக்கம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அறுபத்து மூன்று நாயன்மார்களில் வேடரும் குயவரும் வண்ணாரும் இருக்க, அவர்களைத் தோளில் சுமந்து வலம் வரும் தெருவில் குடிவருபவரின் அடுக்களையை விசாரிப்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

வீட்டுக்கார மாமி இரண்டாம் கட்டில் தனியாக இருந்தார். சாவியைக் கையில் கொடுத்தபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "எது வேணா பண்ணிக்கோங்கோ, சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதேள்." அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்பது எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

எங்கள் கூடத்தின் மேற்கூரை மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டப்பட்டது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகவும் சாய்வாகவும் அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்து இறுக்கிய தளம் அது. 2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் தாம்பாளம் அளவுக்கு ஈரம் கண்டு, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மாமி அழைத்து வந்த கொத்தனாருக்கு எழுபது வயதிருக்கும். கரண்டியின் காம்பால் சுவரைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் ஒலி பொதபொதவென்று மாறியதும் நின்றுவிட்டார். "அம்மா, இங்க யாரோ சிமெண்ட் வச்சுப் பூசியிருக்காங்க. இது சுண்ணாம்புச் சுவர், மூச்சு விடணும். வாயை அடைச்சுட்டா ஈரம் உள்ளயே நின்னு செங்கல்லத் தின்னுடும்," என்றார்.

அந்தச் சிமெண்டை அவர் முழுவதும் கொத்தி எடுத்தார். கொல்லைப்புறத்தில் ஒரு பீப்பாயில் சுண்ணாம்பும், இன்னொன்றில் தட்டிய கடுக்காயும் வெல்லமும் நாட்கணக்கில் ஊறின. அந்தப் புளித்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. பூசிய பிறகும் உடனே காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். இதுவரை அந்த இடத்தில் பூச்சு உதிரவில்லை. பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், புதிதாக வண்ணம் அடித்த சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இந்தப் பகுதியில் நாட்காட்டியைக் கபாலீசுவரர் கோயில்தான் நடத்துகிறது. சம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் மாதவாரியாகச் சொல்லும் விழாக்களில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் இன்னும் எங்கள் வாசலில்தான் நடக்கின்றன. மார்கழி விடியலில் பஜனைக் குழுக்கள் மாட வீதிகளைச் சுற்றி வரும்போது கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். புரட்டாசியில் கொலு பொம்மைக் கடைகள் வீதியோரத்தை நிறைத்துவிடுவதால் வண்டியை எங்காவது தொலைவில்தான் நிறுத்த வேண்டும். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று எந்த வண்டியும் உள்ளே வராது. மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் முதல் நாளே பார்த்துவிடுவார்கள்.

அந்த நாளில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி ஆண்டுதோறும் வந்து எங்கள் திண்ணையில் உட்காருவார். முதல் ஆண்டு, என் வீட்டு வாசலில் கேட்காமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு எனக்குச் சற்றே கோபம் வந்தது உண்மை. அவரோ என்னை ஏறிட்டுப் பார்த்து, "புதுசாக் குடிவந்திருக்கியா கண்ணு? கொஞ்சம் தண்ணி குடு," என்று இயல்பாகக் கேட்டார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அந்தத் திண்ணைக்கு வருகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அவருடைய துணிப்பைக்கு ரேழியில் ஒரு மூலை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் லாரி எங்கள் சந்துக்குள் நுழைய முடியாததால் முனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். துவைக்கவும் கழுவவும் கைகொடுத்தது வீட்டுக் கிணறுதான். கிணற்றை மூடிவிட்டு ஆழ்துளைக் குழாயை மட்டும் நம்பியிருக்கும் வீடு என்றால் இருமுறை யோசியுங்கள்.

நாங்கள் குடிவந்தபோது பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பதுதான் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதையும் கட்டாயமாக்குகிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகளும் வெள்ளையடிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாசர் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அதில் வரையறுத்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வீடு யார் பெயரில் இருக்கிறது?

2022-இல் மாமி காலமானபோது இதை நேரடியாக உணர்ந்தேன். வீடு மூன்று பங்காளிகளுக்குப் போனது. வாடகை ஒருவர் கணக்குக்குப் போகிறது, ஒப்பந்தத்தில் இன்னொருவர் கையெழுத்திடுகிறார், பழுது பார்க்க மட்டும் ஒருவரும் முன்வருவதில்லை. சென்ற மாதம் அவர்களில் ஒருவர் கட்டுமான ஆள் ஒருவரை அழைத்து வந்து முற்றத்தையும் கொல்லையையும் நாடா பிடித்து அளந்து போனார். எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பின்சுவரில் மறுபடி ஈரம் கண்டிருக்கிறது. கொத்தனாரால் இப்போது சாரம் ஏற முடியாது. மகனை அனுப்பி வேலை வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதால், கொல்லையில் நேற்றுதான் சுண்ணாம்பை ஊறப் போட்டேன்.