புதுப்பிப்பு: ஒன்பதாம் வகுப்பில் மகளைச் சேர்த்துக்கொள்ளாத கேங், என்ன ஆச்சு?

குடியாத்தத்திலிருந்து சத்துவாச்சாரிக்கு வந்து புதுப் பள்ளியில் சேர்ந்த மகளை, வகுப்பில் பெயர்பெற்ற ஒரு பெண்கள் கேங் ஒதுக்குகிறது, மதியம் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டீச்சரிடம் சொன்னோம். இடம் மாற்றி உட்கார வைத்தார், இடைவேளையில் அதே கதைதான். எல்லாரையும் பிறந்தநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிடும் யோசனையை மகளே வேண்டாம் என்றுவிட்டாள். வேலை செய்தது, இங்கே பதில் சொன்ன காட்பாடி அக்கா ஒருவரின் யோசனை: அந்தக் கேங்குக்குள் நுழையப் பார்க்காமல் வகுப்புக்கு வெளியே ஆள் தேடச் சொன்னார். மகள் கோ-கோ விளையாட்டில் சேர்ந்தாள். எட்டுப் பேர் உட்கார்ந்து ஒருத்தி துரத்தினால்தான் ஆட்டமே, முதுகில் தட்டி 'கோ' சொல்லும்போது பிடித்தவள் பிடிக்காதவள் என்று பார்க்க நேரமில்லை, அதோடு எட்டாவது, பத்தாவது பிள்ளைகளும் கலந்திருப்பதால் வகுப்பு அரசியல் அங்கே செல்லாது. இப்போது சாப்பாடு அவர்களோடுதான்.

எதிர்பாராதது ஒன்று. கேங்கில் இருந்த ஒரு பெண்ணே இவளிடம் வந்து, எப்போது தன்னைக் கழற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாளாம். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது!

பள்ளி வேனில் மட்டும் சீட் பிடித்து வைத்து இவளை நிற்க விடுவது நிற்கவில்லை. டவுன் பஸ்ஸுக்கு மாற்றலாமா என்று பார்க்கிறோம்.