புதுப்பிப்பு: அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய், எஸ்பிஆர்டி கொடுத்தாச்சு

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பில் இரண்டு இடங்களுக்குப் பரவியிருக்கிறது, ஹார்மோன் ஊசியோடு அந்த இடங்களுக்குக் குறிவைத்துக் கதிர்வீச்சும் (எஸ்பிஆர்டி) கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுங்கள்" என்ற யோசனைதான். புராஸ்டேட் புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன் அது. எலும்பு ஸ்கேனில் தெரியாத, ஒரு நிணநீர்க் கணுவில் இருந்த பரவலும் அதில் தெரிந்தது. மூன்று இடமும் குறைந்த பரவல் கணக்கில்தான் வரும் என்று சொல்லி, மூன்றுக்கும் எஸ்பிஆர்டி கொடுத்தார் டாக்டர். இப்படிச் சில இடங்களுக்கு மட்டும் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்து, 2020-இல் வந்த ஓரியோல் ஆய்வையும் விளக்கினார்: வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் கூடியது, கதிர்வீச்சு பெற்றவர்களில் 19 சதவீதம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் அப்போது ஹார்மோன் சிகிச்சையில் இல்லாதவர்கள். அதனால் அப்பாவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

எதிர்பாராதது வலி. சிகிச்சை முடிந்ததும் இடுப்புவலி திடீரென்று கூடிவிட்டது. ராத்திரி புரண்டு படுக்க முடியாமல், சுவரைப் பிடித்துத்தான் பாத்ரூம் போனார். பயந்துபோய் போன் செய்தோம். எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் சிலருக்கு இப்படித் தற்காலிகமாக வருமாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கியது. சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்கணும், அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும்.

பிஎஸ்ஏ (இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) நன்றாக இறங்கியிருக்கிறது. ஹார்மோன் ஊசியும் தொடர்வதால் எதனால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.